நிறுத்தம் இல்லாத கரைச்சாலைகள்

என் கணவரால் நடக்க முடியாது, ஆனால் சைக்கிள் ஓட்ட முடியும். இதைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் இரண்டு பேருமே தெருவில் விழுந்து எழுந்தோம்.

அவர் பஸ் டிரைவர். ஒரு தனியார் கம்பெனியின் வண்டி. பெரம்பலூரில் எடுத்து அரியலூர், திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகும். நான் திருமானூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்காக ஆரம்பித்தது, பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

முதலில் வலது கைக் கட்டைவிரல்தான் நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் நின்றுவிடும், விட்டால் ஆரம்பித்துவிடும். அதனால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்றார். ஒரு நாள் கீழப்பழுவூர் நிறுத்தத்தில் பிரேக்குக்குக் கால் போக வேண்டிய நேரத்தில் போகவில்லை. பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏறக் காத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறினார்களாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குப் போகலீங்களா?" என்று கேட்டேன்.

"இனிமே போக மாட்டேன் டீச்சர். நாப்பது அம்பது பேர் ஏறுற வண்டி அது" என்றார்.

திருச்சியில் டாக்டர் அதை நடுக்குவாதம் என்றார். பார்க்கின்சன் என்று சீட்டில் எழுதியிருந்தது. மாத்திரையால் கொஞ்ச காலம் சமாளித்தோம். அதற்குப் பிறகு நடை போனது. ஒரேயடியாகப் போகவில்லை. நன்றாக நடந்து வருவார், வாசற்படியைக் கண்டதும் நின்றுவிடுவார். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னால் போகும், பாதம் வராது. பின்னால் இருந்து நான் பிடிக்கவில்லை என்றால் முகம் அடிபட விழுவார். தரையில் கலர் டேப் ஒட்டி, கோட்டுக்குக் கோடு தாண்டச் சொன்னார்கள். ஒட்டினேன். சில நாள் தாண்டினார், சில நாள் கோட்டைப் பார்த்தபடி நின்றார். வெளி ஆட்கள் வந்தால் அவருடைய முகத்தைப் பார்த்து, கோபமாக இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். கோபம் இல்லை. முகத்தின் தசைகள் இறுகிப்போயிருந்தன. சிரிப்பு வந்தாலும் வெளியே தெரியாது.

அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் திருச்சிக்குப் போவதற்காக வாடகைக் கார் வந்து தெருமுனையில் நின்றது. அவரைக் கேட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். கேட்டில் கால் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சுவரோரமாக எதிர் வீட்டுப் பெண்ணின் சைக்கிள் நின்றது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. விழாமல் இருக்க அதன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள், பெண்கள் சைக்கிளின் தாழ்ந்த கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெரு ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. சைக்கிள் நகர்ந்தது. விழுந்துவிடுவார் என்று அலறிக்கொண்டு ஓடினேன். அவர் மிதித்தார். காற்று கம்மியான டயர் சடசடக்க, நேர்க்கோடாக, கார் டிரைவரைத் தாண்டி, மாதா சிலை வைத்த குருசடியைத் தாண்டிப் போனார். போய், கைதேர்ந்த ஆள் மாதிரி வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் வந்ததும்தான் அவர் கத்தினார். "டீச்சர், பிடி, பிடி! எறங்க வரல!"

ஹேண்டிலைப் பிடித்தேன். அவர் காலை ஊன்றவில்லை. மூன்றும் சேர்ந்து சாய்ந்தோம், அவர், நான், சைக்கிள். கார் டிரைவர் ஓடிவந்து தூக்கும்போது அவர் தரையில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமாக. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை.

டாக்டரிடம் நான்தான் படபடவென்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"சிலருக்கு இப்படி உண்டும்மா. நடக்கறதுக்கு மூளை ஒரு வழியா வேலை செய்யுது, பெடல் மிதிக்க வேற வழி. அந்த வழி இன்னும் அடைபடல. அவ்வளவுதான். குணமாகுதுன்னு நெனச்சுக்காதீங்க."

"ஓட்டலாங்களா?" என்று என் கணவர் கேட்டார். நோய் வந்தபிறகு அவருடைய குரல் தேய்ந்து காற்று மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"முடியற வரைக்கும் ஓட்டுங்க. தனியா போகாதீங்க. ஏத்திவிடவும் பிடிச்சு இறக்கவும் ஆள் வேணும்."

அந்த ஆள் நான்தான். எங்கள் ஒரே மகள் சென்னையில் வேலையாக இருந்தாள். நான் காலேஜ் நாட்களில் சைக்கிள் ஓட்டியவள். அதற்குப் பிறகு தொட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன் சுற்றிச் சுற்றிப் பழகினேன். இரண்டு சைக்கிள் வாங்கினோம், இரண்டுமே பெண்கள் சைக்கிள். கம்பி தாழ்வாக இருந்தால்தான் அவரால் காலைப் போட முடியும். ஆம்பளைக்கு எதுக்கு லேடீஸ் சைக்கிள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "எனக்குப் பாவாடை தடுக்குது" என்றார் அவர். கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. நான்தான் சிரித்தேன்.

எந்த ரோட்டில் போவது என்பதுதான் பெரிய பிரச்சினை. அவரால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போக முடியும், நிறுத்த முடியாது. நின்றால் காலை ஊன்ற வேண்டும், ஊன்றச் சொன்னால் கால் கேட்காது. ஆடு குறுக்கே வரக் கூடாது. வேகத்தடை இருக்கக் கூடாது. எதிரே வருகிறவர்கள் நிறுத்தி நலம் விசாரிக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் லாரி வரவே கூடாது. அரியலூர்ச் சீமையில் லாரி வராத ரோடு எங்கே இருக்கிறது? ஊருக்குள் ஒரு தரம் முயன்று பார்த்தோம். பழைய கண்டக்டர் ஒருவர், "என்ன டிரைவரே, எப்படி இருக்கீங்க?" என்று கையை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடுவிலேயே வந்தார். இவர் பதில் சொல்லாமல் வளைத்துக்கொண்டு போய்விட்டார். தலைக்கனம் போகவில்லை பார் என்று அந்த ஆள் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

கடைசியில் கரைகள்தான் மிஞ்சின. கொள்ளிடக் கரை, ஏரிக் கரை, வாய்க்கால் கரை. கரையில் குறுக்கு ரோடு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர் அல்லது மணல், இன்னொரு பக்கம் வயல். கரை உயரம் என்பதால் வருகிற வண்டி தூரத்திலேயே தெரியும். திருமானூரிலிருந்து மேற்கே திருமழபாடி வரைக்கும் எந்தெந்த இடத்தில் கரை அகலம், எங்கே பள்ளம், எங்கே திருப்பிக்கொள்ளலாம் என்று நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்து வந்து சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அந்தப் பம்ப்செட் கொட்டாய் தாண்டினதும் ஒரு புளியமரம் இருக்குமே, அங்க திரும்பலாமா?" என்பார். அங்கே இப்போது புளியமரம் இல்லை, ஆனால் திரும்ப இடம் இருந்தது.

காலை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் கிளம்புவோம். கேட்டில் ஏற்றி உட்கார வைத்து, பின் சீட்டைப் பிடித்துத் தள்ளிவிடுவேன். உடனே என் சைக்கிளில் ஏறி அவரை முந்திக்கொண்டு போக வேண்டும். மெயின் ரோட்டைத் தாண்டினால்தான் கரை. அந்த ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்குவேன். லாரிகள் நிற்கும். டிரைவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அவர் நிற்காமல், யாரையும் பார்க்காமல் கடந்துபோவார். பிறகு நான் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

கரையில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். நான் எப்போதும் பின்னால்தான் வருவேன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுதான். வீட்டில் கூன் விழுந்த அந்த முதுகு, கரையில் நிமிர்ந்திருக்கும். கை நடுக்கம் ஹேண்டிலில் அடங்கிவிடும். ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். நடுவில் ஒரு ஓடை போல் தண்ணீர், நாணல், மாடு குளிப்பாட்டுகிறவர்கள். எதிர்க்கரைத் தஞ்சாவூர்ப் பக்கத்தின் தென்னந்தோப்பு புகை மாதிரி தெரியும். திருமழபாடிக் கோயில் கோபுரம் தெரிந்ததும் நான் வேகமாக மிதித்து அவரை முந்துவேன். முந்திப்போய்ச் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நிற்பேன். அவர் மெதுவாக வந்து என் மேல் முட்டுவார். ஹேண்டிலை ஒரு கையிலும் அவர் இடுப்பை ஒரு கையிலும் பிடித்து இறக்கி உட்கார வைப்பேன். இறங்கிய நிமிடமே அவர் மறுபடி நோயாளி. ஃபிளாஸ்க் மூடியைக் கூட நான்தான் வாயில் பிடிக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு எனக்குக் கடைசி வரை பழக்கம் வரவில்லை.

அந்த வருடம் முழுக்க நான் ரகசியமாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். கால் இப்படி மிதித்துப் பழகினால் நடையும் வந்துவிடும் என்று. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்தால் என்ன?

பேச்சு பரவியது கோயிலிலிருந்துதான். நாங்கள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு மாதம் ஒரு தரம் பூசைக்குப் போவோம். காரிலிருந்து அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அப்படித் தூக்கியவர்களில் ஒருவர் அடுத்த நாள் கொள்ளிடக் கரையில் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார். தான் தூக்கி உட்கார வைத்த ஆள் சைக்கிளில் பறந்துபோவதைப் பார்த்தார். அவ்வளவுதான். மாதா புதுமை செய்துவிட்டாள், அற்புதம் நடந்துவிட்டது என்று ஆகிவிட்டது. அடுத்த பூசை முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"சாட்சி சொல்லணும் டீச்சர். மறைக்கக் கூடாது" என்றாள் ஒரு அம்மா.

"புதுமையெல்லாம் இல்லீங்க. வியாதியே இப்படித்தான். இப்பவும் நடக்க முடியாது, பாருங்க."

"நடக்கறதும் வந்துடும். மாதா பாதி குடுத்தவ மீதியக் குடுக்க மாட்டாளா?"

என் மனசில் இருந்ததைத்தான் அவள் வாயால் சொன்னாள். வெட்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து நாங்கள் கரையில் திருப்புமிடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். கையில் மண்ணெண்ணெய் வாசம், கூலி வேலைக்குப் போகிற உடம்பு. வரதராசன்பேட்டைப் பக்கம் என்றாள். ஆட்டோவுக்குள் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆட்டோவின் பின்னால் ஒரு பழைய சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரருக்கு வந்த மாதிரி எங்க வூட்டுக்காரருக்கும் வரும்னு சொன்னாங்க. எப்படி ஏத்தி விடறதுன்னு மட்டும் காட்டுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

நான் சொன்னேன். இது வேறு வியாதி, அது வேறு வியாதி என்று வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சொல்லி முடித்ததும், "சும்மா ஒரு தடவை ஒக்கார வச்சுப் பாப்போம்க்கா. இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்றாள்.

ஆட்டோக்காரரும் நானும் அவளுமாக அந்த மனிதரைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தோம். அவருக்குப் பேச்சும் போயிருந்தது. வலது கை மட்டும் ஹேண்டிலைப் பிடித்தது. இடது கை தொங்கியது. அவள் இடது பாதத்தை எடுத்துப் பெடலில் வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள். நழுவியது. துண்டைக் கிழித்துப் பாதத்தைப் பெடலோடு கட்டினாள். "மிதிங்க. மிதிங்க பாப்போம். அந்த அண்ணன் மிதிக்கறாரு இல்ல?" என்றாள். கொஞ்ச தூரம் நாங்கள் மூன்று பேரும் பிடித்துத் தள்ளினோம். கை கொஞ்சம் தளர்ந்ததும் அவர் இடது பக்கமாக மூட்டை மாதிரி சரிந்தார். கட்டிய கால் பெடலிலேயே இருந்ததால் முறுக்கிக்கொண்டது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மனிதர் பேசுகிற சத்தமாக இல்லை.

அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினோம். அவள் அழவில்லை. முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "எந்த நவநாள் செபத்துக்குக்கா வேண்டிக்கிட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

நான் எதற்கும் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஏதோ ஒன்றை நான் அவளுக்குத் தர மறுக்கிற மாதிரி பார்த்தாள். ஆட்டோ போனபிறகு என் கணவர் கரையில் உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற கரைக்குப் போயிடலாம் டீச்சர்" என்றார்.

போனோம். என் அக்கா பூலாம்பாடியில் இருக்கிறாள். கோடை லீவில் இரண்டு சைக்கிளையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தோம். பக்கத்தில் அரும்பாவூர்ப் பெரிய ஏரி. அதன் கரையில் காலையில் ஓட்டினோம். தண்ணீர் நடுவில் குட்டை மாதிரி கிடந்தது, மேற்கே பச்சைமலை. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. யாரோ லீவுக்கு வந்த பெரியவர்கள் உடற்பயிற்சிக்காக ஓட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு நாள் அவர் ஓட்டிக்கொண்டே பாடினார். குரல் எனக்கு எட்டவில்லை, தலை ஆடுவதை வைத்துத்தான் பாடுகிறார் என்று தெரிந்தது. எங்களுக்கு வாய்த்த கடைசி நல்ல லீவு அது. நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அக்கா, "உன்ன விட அவரு தெம்பா இருக்காருடி" என்றாள். நான் அதையும் நம்பினேன்.

மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள். மணல் தெரியாமல் கரைக்குக் கரை செம்மண் தண்ணீர். கரைச்சாலையில் போலீஸ் தடுப்பு வைத்தார்கள். வெள்ளம் வடிந்து பார்த்தால் கரை இரண்டு இடத்தில் அரித்துப் போயிருந்தது. மண்ணும் கல்லும் கொட்டி அடைத்தார்கள். அந்தக் கல்லில் நடக்கிறவர்கள் நடக்கலாம், சைக்கிளை இறங்கித் தள்ளலாம். எங்களுக்கு அந்த வழி முடிந்தது.

பிறகு கரைவெட்டி ஏரி. அது பறவைகள் வருகிற ஏரி. தூரம் அதிகம், அதனால் அங்கேயும் வண்டி பிடித்துத்தான் போக வேண்டும், வாரத்தில் ஒரு நாள். தை மாதத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்கு வாத்துகள் மிதக்கும். கரை நீளமானது, ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் அதற்குள் அவர் மாறிக்கொண்டிருந்தார். மாத்திரை வேலை செய்கிற நேரம் சுருங்கிவிட்டது. நன்றாக ஓட்டிக்கொண்டு போகிறவர் திடீரென்று மிதிப்பதை நிறுத்துவார். நான் பின்னாலிருந்து, "மிதிங்க, மிதிங்க" என்று கத்துவேன். மறுபடி மிதிப்பார். அப்படிக் கத்தும்போது எனக்கு அந்த வரதராசன்பேட்டைப் பெண்ணின் குரல் மாதிரியே இருந்தது.

மாசி மாதம் ஒரு நாள் கத்தியும் மிதிக்கவில்லை. சைக்கிள் தானாக உருண்டது, ஆடியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் கரையின் வயல் பக்கச் சரிவில் இறங்கிவிட்டது. சீமைக்கருவேலப் புதருக்குள் விழுந்தார். நான் முள்ளை விலக்கிக்கொண்டு இறங்கினேன். கை முகமெல்லாம் கீறல், கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

"எங்க வலிக்குது?"

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாருங்க?"

"பின்னாடி இருந்தவங்க. லேடீஸ் எல்லாம் இருந்தாங்களே. யாருக்கும் அடிபடலயே?"

முள் குத்திய வலியை விட அது எனக்கு அதிகமாக வலித்தது. யாருக்கும் அடிபடவில்லை என்று சொன்னேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். வயலில் இருந்து இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். தூக்கும்போதுதான் கத்தினார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். அவர் தேறவில்லை. படுக்கையிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. அறையின் மூலையைப் பார்த்து, "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்பார். டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையைக் குறைத்தால் ஆட்கள் போய்விடுவார்கள், ஆனால் உடம்பு இறுகிவிடும் என்றார். கூட்டினால் உடம்பு இளகும், ஆட்கள் வந்துவிடுவார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஆட்களையே வைத்துக்கொண்டேன்.

மகள் சென்னையிலிருந்து ஒரு உடற்பயிற்சி சைக்கிளை அனுப்பினாள். ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிள். கட்டிலில் உட்கார்ந்தபடி மிதிக்கலாம் என்று போனில் சொன்னாள். அவர் அதைப் பார்த்தார். அன்று தெளிவாக இருந்தார்.

"இதுல எந்த ஊருக்குப் போறது?" என்றார்.

"காலுக்கு நல்லதாம். உங்க பொண்ணு ஆசையா அனுப்பியிருக்கா."

"அவ மேல கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்கு வேணாம்."

அவள் வந்தபோது அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டாள். "நீ எவ்ளோ நாள்மா இப்படி?" என்றாள். நான் வர மாட்டேன் என்றேன். அவள் அழுதுவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போனாள். நான் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது அவருக்கு விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. கஞ்சியை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக, தாடையைத் தடவிக்கொடுத்தால்தான் இறங்கும். மாதாவிடம் நான் எதுவும் கேட்பதில்லை. செபமாலையைச் சொல்கிறேன், பழக்கத்தால்.

போன மாதம் அவருடைய தங்கை வந்து நாலு நாள் தங்கினாள். "அண்ணி, கொஞ்சம் வெளிய காத்தாட போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்று என்னைத் துரத்தினாள். என் சைக்கிளை எடுத்துத் துடைத்துக் காற்றடித்தேன். ரோட்டைக் கடக்கக் கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை, லாரி போகும்வரை நின்றேன். கரையில் ஏறி மேற்கே ஓட்டினேன். யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டாத சவாரி எப்படி இருக்கும் என்று அந்த நாட்களில் பல தடவை நினைத்திருக்கிறேன். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கால் வலித்தது. ஆற்றில் மணல் இருந்தது. முன்னால் அவர் முதுகு இல்லாத ரோடு, எவ்வளவு வேகத்தில் போவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கல் கொட்டிய இடத்துக்கு முன்னால் ஒரு மரத்தடியில் இறங்கி உட்கார்ந்தேன். விலை உயர்ந்த சைக்கிள்களில் தலைக்கவசம் போட்ட ஒரு இளம் ஜோடி வந்தது. அரியலூரிலிருந்து வருகிறார்களாம்.

"ஆன்ட்டி, இந்தக் கரையிலயே போனா திருமழபாடி போயிடலாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போயிடலாம்மா. நடுவுல ரெண்டு எடத்துல கல்லு கெடக்கும். எறங்கித் தள்ளிட்டுப் போங்க."

"அவ்ளோதானே?" என்று சொல்லிவிட்டு அவன் மிதித்தான். அவள் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனாள். கல்லுக்கு அருகில் இரண்டு பேரும் சுலபமாக இறங்குவதை, தள்ளிக்கொண்டு நடப்பதை, மறுபடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது அவர் தங்கை வாசலில் நின்றாள். "உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு, நான் குடுத்தா வாயத் தொறக்கல" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனேன்.